தாய் வளையமும் வெந்நீர்ப் பானையும்

பதினோரு நாடுகள் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு உலகத் தலைமை அலுவலகம் எங்கே இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தையல்கடை ஒன்றின் மாடியில், இரண்டே அறைகளில் இருந்தது. அங்கே சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் என் ஓரகத்தி. என் கணவருடைய கடைசித் தம்பியின் பெண்டாட்டி. நடுவில் எனக்கு இன்னும் இரண்டு ஓரகத்திகள் உண்டு. ஒருத்தி தனிக்குடித்தனம் போனவள், இன்னொருத்தி அண்ணன் வீட்டோடு இருந்துகொண்டவள். அவர்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் ஊர் போய்ச் சேராது. கடைசியவளும் நானும் ஒரே வீட்டில் முப்பத்தொரு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். குடும்பத்தில் எல்லாரும் அவளை ‘வளையம்’ என்றே கூப்பிடுவோம்.

அந்தப் பேர் வந்தது ஆட்டத்தால். ஐஸ் தரையில் ஆடுகிற ஆட்டம் அது. காலில் கத்தி வைத்த பூட்ஸ், கையில் நேரான கம்பு, பக்கத்துக்கு ஆறு பேர், அநேகமாக எல்லாரும் பெண்கள். பந்து கிடையாது. உள்ளங்கை அகல ஓட்டை உள்ள நீல ரப்பர் வளையம் ஒன்றுதான். கம்பின் நுனியை ஓட்டைக்குள் கொடுத்து வளையத்தை இழுத்துக்கொண்டு ஓடி, எதிர்க்கட்சியின் கோலுக்குள் தள்ள வேண்டும். தரையில் நீலக் கோடு போட்டிருப்பார்கள். எவ்வளவு பெரிய ஆட்டக்காரியானாலும் வளையத்தோடு தானே அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் நிற்கிற தன் கட்சிக்காரியிடம் தள்ளிவிட வேண்டும்.

“இந்த ஒரு விதிக்காகத்தான் அக்கா நான் இந்த வேலையிலே இருக்கேன்” என்பாள் ஓரகத்தி.

“இதை நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கும் போடுடி. குடிச்ச டம்ளராவது சமையல்கட்டு வாசல் வரைக்கும் வந்து சேரும்” என்பேன் நான்.

உலகம் பூராவும் பெண்களை ஐஸில் ஓடவிட்ட அவள் நான் சொல்லப்போகிற போட்டி வரைக்கும் ஒரு தடவைகூட ஐஸில் கால் வைத்ததில்லை. பயம். அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், ஐஸ் கூடத்தில் தரையை இழைத்து வழவழப்பாக்கும் வண்டி ஓட்டுகிறவர். பத்து விரலாலும் தட்டச்சு அடிக்கிற ஆள் வேண்டும் என்று அங்கே ஆட வருகிறவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, “எங்க வீட்டுல ஒருத்தி சும்மா உக்காந்திருக்கா” என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு அவள் ஒரு மூட்டைத் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ‘சும்மா’ என்ற சொல்லுக்காக அவரோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள்.

போன இடத்தில் தலைவர் என்று ஒருவர் உண்டு. வேறு தேசத்தில் பல் டாக்டர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். மற்றதெல்லாம் இவள் தலையில். எந்த நாடு எந்த நாட்டோடு எப்போது ஆடுவது, விதிப் புத்தகத்தில் எந்த வரியை மாற்றுவது, யார் சண்டை போட்டுக்கொண்டு விலகுகிறார்கள், அவர்களை எப்படித் தாஜா பண்ணித் திரும்பக் கூட்டிவருவது, எல்லாமே. ஆட்டம் தெரியாத நாடுகளுக்கு ஒரு சாக்கு வளையமும் ஒரு கட்டுக் கம்பும் எடுத்துக்கொண்டு போவாள். அங்கே ஐஸ் இருக்காது. பள்ளிக்கூடத்து சிமெண்டுத் தரையில் பிள்ளைகளை நிற்கவைத்து, “இதை ஐஸ்னு நெனச்சுக்கோங்க” என்பாள். அவளுக்கும் அது சௌகரியம்தான், வழுக்காதே.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. சங்கத்துக்கு அச்சடித்த கடிதத்தாள் கிடையாது. அதனால் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் வளையத்தை வைத்து, உள்ளே ஒரு கோடு வெளியே ஒரு கோடு பென்சிலால் சுற்றி வரைவாள். அதற்குக் கீழேதான் தட்டச்சு. தாளில் பாதி வட்டத்துக்கே போய்விடும். பல் டாக்டர் ஒருதரம், “ஏம்மா, சின்னதா ஒரு முத்திரை செஞ்சு குத்திடலாமே” என்று கேட்டாராம். “முத்திரை யார் வேணாலும் செஞ்சுக்கலாங்க, இது நம்ம வளையமே போட்டுக் கொடுக்கிற கையெழுத்து” என்றாளாம் இவள். ஒரு தாளுக்கு நாலு நிமிஷம். பதினோரு நாட்டுக்கும் மாசம் ஒரு கடிதம். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு வரைவாள்.

வரைவதற்கு வைத்துக்கொள்வது தாய் வளையத்தை. ஆட்டத்தை ஆரம்பித்தவர்கள் முதன்முதலில் ஆடிய வளையம் அது. அவர்கள் எல்லாரும் ஆட்டக்காரிகள், அளவுகோல் பிடிக்கத் தெரியாதவர்கள். விதிப் புத்தகத்தில் ஒன்பதாம் விதியாக, ‘வளையம் என்பது அலுவலகத்தில் உள்ள வளையத்தைப் போல இருக்க வேண்டும்’ என்று எழுதிவைத்துவிட்டார்கள். அங்குலக் கணக்கு ஒன்றும் கிடையாது. உலகத்தில் எங்கே போட்டி நடந்தாலும் வளையம் இவள் கைக்கு வந்து, தாய் வளையத்தின்மேல் உட்கார்ந்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, சரி என்றால்தான் வெளியே போகும்.

வளையம் செய்து கொடுத்தது எங்கள் சம்பந்தி. என் மூத்த பெண்ணின் மாமனார். தண்ணீர்ப் பம்புக்கு ரப்பர் வாஷர் அடிக்கிற பட்டறைக்காரர். கறாரான மனுஷர், ரோஷக்காரர். ஒரு கல்யாணத்தில் தன்னைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள் என்று பதினாறு வருஷம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்.

இப்படி இருக்கையில் இருபத்திரண்டு வருஷமாக ஓரகத்தி எழுதிவந்த ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. எல்லா நாடுகளும் கூடி நடத்துகிற பெரிய குளிர்கால விளையாட்டு விழாவில், வளைய ஆட்டத்தை ஒரே ஒரு மத்தியானம் காட்டிக்கொள்ள இடம் தரவேண்டும் என்பது விண்ணப்பம். ‘உங்கள் அடுத்த உலகப் போட்டிக்கு எங்கள் ஆட்கள் இருவர் வந்து பார்ப்பார்கள். எல்லா நாட்டிலும் விதியும் சாமானும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சோதிப்பார்கள். அதன் பிறகு முடிவு சொல்வோம்’ என்று எழுதியிருந்தார்கள். போட்டி எங்கள் ஊரிலேயே நடப்பதாக இருந்தது. ஓரகத்தி அந்தக் கடிதத்தை எனக்கு ஏழு தடவை படித்துக் காட்டினாள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் ஏழு தடவை கேட்டால் எனக்கும் மனப்பாடம் ஆகாதா?

அப்புறம்தான் நான் கெடுத்தேன்.

அலுவலக மாடி ஒழுகியது. கூரை மாற்ற மூன்று வாரம் ஆகும் என்றான் கொத்தனார். அதே மூன்று வாரம் ஓரகத்தி பன்னிரண்டாவதாக ஒரு நாட்டைச் சேர்த்துவரக் கிளம்பினாள். போகும் அவசரத்தில் தாய் வளையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல்கட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போனாள். என்னிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தேய்ந்த வளையம் ஏழெட்டு எப்போதும் உருண்டுகொண்டு கிடக்கும். கதவுக்கு அண்டை கொடுப்போம், பிள்ளைகள் தலையில் வைத்துக்கொண்டு ராஜா ஆடுவார்கள்.

எங்கள் வெந்நீர்ப் பானை அடி உருண்டை. அடுப்பிலிருந்து இறக்கிவைத்தால் ஒரு பக்கமாகச் சாயும். பரண் துடைக்கும்போது கையில் கிடைத்த வளையத்தை அடியில் கொடுத்தேன். ராஜா மாதிரி உட்கார்ந்தது பானை. காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், கொதிக்கக் கொதிக்க, இருபத்தோரு நாள். அவள் வருவதற்கு முந்தின நாள் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நான் சுத்தக்காரி. அந்தச் சுத்தம்தான் வினையாகப் போயிற்று. கரி இருந்திருந்தால் அவள் கேட்டிருப்பாள்.

வந்த வாரமே உலகப் போட்டிக்காக முந்நூறு வளையம் சம்பந்தி பட்டறையிலிருந்து வந்தது. ஓரகத்தி ஒவ்வொன்றாகத் தாய் வளையத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடச் சேரவில்லை. ஓட்டை எல்லாம் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், சின்னது. முந்நூறையும் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சம்பந்தி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

“அச்சு அதே அச்சு. ரப்பர் அதே ரப்பர். அடிச்ச கையும் இதே கை. எது சின்னதாச்சுன்னு சொல்லச் சொல்லுங்க சம்பந்தியம்மா.”

ஓரகத்தி வெளியே வந்தாள். “மாமா, கோவிச்சுக்காதீங்க. சொந்தம் வேற, வளையம் வேற. தாய் வளையத்துல உக்கார மாட்டேங்குது.”

“அப்ப என் அச்சு பொய் சொல்லுதா?”

“தாய் வளையம் பொய் சொல்லாது மாமா.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “பொண்ணு கொடுத்த வீட்டு வார்த்தை. புது அச்சு போடுறேன். ஆனா பழைய முந்நூறையும் உருக்க மாட்டேன், பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் வெந்நீர் போட்டுத்தருகிறேன் என்று சொன்னதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பெரிய ஓட்டை வைத்து வேறு முந்நூறு வந்தது. தாய் வளையத்தின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஓரகத்தி எல்லாவற்றையும் சரி பார்த்து அடுக்கிவைத்தாள்.

போட்டிக்கு நாலு நாள் முன்னால் எல்லா நாட்டு ஆட்களும் வந்து இறங்கினார்கள். முதல் நாள் பழக்க ஆட்டம். ஓரகத்தி ஐஸ் தரையைச் சுற்றிய கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். வளையம் கம்பில் நிற்கவே இல்லை. லொடலொட என்று ஆடி நழுவி நழுவிப் போயிற்று. எங்கள் கட்சித் தலைவி, பேக்கரியில் வேலை செய்கிற பெண், வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தாள்.

“செயலாளரம்மா, இது வளையமா தொளதொளத்த வளவியா? கைய விட்டுக் கழண்டு ஓடுது. பாக்க வர்றவங்க நமக்கு ஆடவே தெரியாதுன்னு நெனச்சுக்குவாங்க.”

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள் ஓரகத்தி. தாய் வளையத்தைக் கையில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இருபத்திரண்டு வருஷம் அக்கா. ஒரே ஒரு மத்தியானம் கேட்டேன். சாமான் எல்லாம் ஒண்ணா இருக்கான்னு பாக்கத்தான் வர்றாங்க. அதுலயே கோட்டை விட்டுட்டேன். எங்க தப்புன்னும் தெரியல.”

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வளையத்தின் உள்விளிம்பு ஒரு பக்கம் வழிந்து பள்ளமாக இருந்தது. அந்தப் பள்ளம் எனக்குத் தெரிந்த பள்ளம். எங்கள் பானையின் அடியில் ஒரு நெளிசல் உண்டு. என் நடுக் கொழுந்தன் ஒருவருடைய பையன் கீழே போட்ட நெளிசல்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அப்புறம் எழுந்துபோய்ப் பானையை எடுத்துவந்து வளையத்தின்மேல் வைத்தேன். நெளிசல் பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது, சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி.

ஓரகத்தி பானையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பானையைப் பார்த்தாள்.

“எத்தனை நாள்?”

“இருபத்தொண்ணு.”

“வெந்நீரா?”

“கொதிக்கக் கொதிக்க.”

அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. “மாமாகிட்ட நான் என்ன பேச்சு பேசினேன்! தாய் வளையம் பொய் சொல்லாதாம்!” அப்புறம் சிரிப்பு நின்றது. “நாளைக்குக் காலையில கூட்டம். பானையை எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க அக்கா.”

“நானா? உலகச் சபைக்கா?”

“பின்னே? சாட்சி நீங்கதானே.”

மறுநாள் நான் இடுப்பில் பானையோடு தையல்கடை வழியாகப் படியேறினேன். தையல்காரர் ஊசியை நிறுத்திவிட்டு, “என்னம்மா, மேலே தண்ணி வரலியா?” என்று கேட்டார். மேலே பன்னிரண்டு நாட்டு ஆட்கள் கடன் வாங்கின நாற்காலிகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் நடுவில். மொழி தெரிந்த ஒரு பெண் ஓரகத்தி சொல்வதை அவர்களுக்கும், அவர்கள் சொல்வதை எங்களுக்கும் சொன்னாள். ஓரகத்தி ஒளிக்காமல் எல்லாம் சொன்னாள். நான் பானையை வைத்துக் காட்டினேன்.

முதலில் எழுந்தவர் ஒரு நாட்டின் பிரதிநிதி, தொழில் வக்கீல். “ஒன்பதாம் விதிப்படி அலுவலகத்தில் உள்ள வளையம்தான் சரி. அலுவலகத்தில் இருப்பது இது. அப்படியானால் சட்டப்படி பானை உட்கார்ந்த வளையம்தான் சரி. இதுவரை உலகம் ஆடிய வளையமெல்லாம் தப்பு” என்றார்.

போன தடவை ஜெயித்த நாட்டின் அம்மாள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அப்போ நாங்க ஜெயிச்சது?”

“செல்லாது.”

“உங்க வக்கீல் படிப்பு செல்லாது!”

அப்புறம் பன்னிரண்டு மொழியிலும் சண்டை. மொழி தெரிந்த பெண் கையை விரித்துவிட்டாள். எல்லாரும் பழைய அளவே வேண்டும் என்றார்கள். ஆனால் பழைய அளவு எது என்று எதைக் காட்டி நிரூபிப்பது? ஆளாளுக்குக் கையில் இருந்த வளையமெல்லாம் ஆடி ஆடித் தேய்ந்தவை. பட்டறைக்காரர் பழைய முந்நூறை வைத்திருக்கிறார் என்று நான் சொன்னேன். “அவர் உங்க சம்பந்தியாமே?” என்று கேட்டுவிட்டார் வக்கீல்.

மூலையில் ஒரு பெரிய உடம்பு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் கோல் காத்தவர். விதியைத் தேடி அவர் தன் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாதியில் கையை நிறுத்தி, ஒரு பழைய கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். தலையில் பென்சில் வட்டம்.

“இது எதை வச்சு வரைஞ்சது?”

“தாய் வளையத்தை வச்சுத்தான்” என்றாள் ஓரகத்தி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயில் கைவைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் எழுந்துவந்து கடிதத்தை மேஜையில் விரித்துத் தாய் வளையத்தை வட்டத்தின்மேல் வைத்தார். உட்காரவில்லை, வெளியே வழிந்தது. மற்றவர்களும் பெட்டியைத் திறந்தார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கடிதக் கோப்போடுதான் வருவார்கள், இவள் போட்ட உத்தரவு. பத்து வருஷத்துக் கடிதம், பதினைந்து வருஷத்துக் கடிதம், எண்ணெய்க்கறை பட்டது, நாலாக மடித்தது, எல்லாம் மேஜைக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். பழைய கடிதங்களில் எல்லா வட்டமும் ஒரே வட்டம்.

கடைசியாகப் பன்னிரண்டாவது நாட்டுக்காரி, புதிதாய்ச் சேர்ந்த பள்ளிக்கூட டீச்சர், தயங்கித் தயங்கித் தன்னிடம் இருந்ததைக் காட்டினாள். அவளுக்குச் சேர்ந்த பிறகு வந்த இரண்டே கடிதங்கள். அவற்றில் வட்டம் பெரியது. மற்றவர்களுக்குக் கடைசியாக வந்த கடிதங்களிலும் அப்படியே.

“இது பானைக்கு அப்புறம் எழுதினது” என்றேன் நான். முதல் தடவையாக எல்லாரும் சிரித்தார்கள், வக்கீலும்.

பல் டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். “நல்லது, அளவு கிடைச்சுடுச்சு. பழைய வளையத்தை வச்சே ஆடிடலாம். பார்க்க வர்றவங்ககிட்ட இந்தப் பானைக் கதை எதுக்கு? பல்லுல சொத்தை இருந்தா சிரிக்காம இருந்துக்க வேண்டியதுதான்.”

ஓரகத்தி எழுந்து நின்றாள். “மன்னிச்சுக்கோங்க. ‘எல்லாம் ஒரே அளவா’ன்னு கேக்கத்தான் அவங்க வர்றாங்க. நடுவுல மூணு மாசம் இல்லேன்னுதான் நான் சொல்லப்போறேன். வேணாம்னா, ராஜினாமாவை இப்பவே அடிச்சுத் தந்துடுறேன். அதுக்கும் வட்டம் போட்டே தர்றேன்.”

டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டார். கோல் காத்த அம்மாள், “இவளை அனுப்பிட்டா அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி யாருய்யா கடன் வாங்குறது?” என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலம் ஓரகத்தியும் நானும் சம்பந்தி பட்டறைக்குப் போனோம். அவள் வாசலிலேயே நின்று, “மாமா, தப்பு எங்க வீட்டுப் பானை மேல” என்றாள். அவர் உள்ளே போய்ச் சாக்கை இழுத்துவந்தார். முந்நூறும் முடிச்சு அவிழ்க்காமல் இருந்தது. “என் அச்சு பேசினதை நீங்க கேக்கல” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கழுத்தில் கேமரா தொங்கவிட்டவர், இன்னொருவர் மூக்குக் கண்ணாடி போட்ட அம்மாள். ஓரகத்தி அவர்கள் கேட்பதற்கு முன்பே மேஜையில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டாள். பழைய வளையம், தாய் வளையம், பெரிய ஓட்டை வளையம், கடிதக்கட்டு, கடைசியில் பானை. அந்த அம்மாள் பையிலிருந்து சின்ன அளவுகோல் எடுத்து வட்டம் வட்டமாக அளந்தார். அறுபது கடிதமாவது இருக்கும். அளந்து முடித்து என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பானை எத்தனை குடம் பிடிக்கும்?”

“ஒண்ணரை” என்றேன். எழுதிக்கொண்டார். எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

போட்டி நடந்தது. பழைய வளையம் கம்பில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஓடியது. எங்கள் கட்சி மூன்றாவதாக வந்தது. பேக்கரிப் பெண் சந்தோஷத்தில் ஓரகத்தியை இழுத்துக்கொண்டு ஐஸில் இறங்கிவிட்டாள். இவள் ஒரு கையால் அவளையும் ஒரு கையால் கோல் கம்பத்தையும் பிடித்துக்கொண்டு, “ஏங்க, வண்டியை நிறுத்துங்க!” என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். வண்டி அந்த மூலையில் சும்மாதான் நின்றிருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு மத்தியானம் கிடைத்தது. ‘இருபத்திரண்டு வருஷமாக மாதாமாதம் தன் அளவைத் தானே எழுத்தில் அனுப்பிவந்த சங்கம் வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாது’ என்று ஒரு வரி அதில் இருந்தது. இதையும் ஏழு தடவை படித்துக் காட்டினாள். நான் எட்டாவதாக எழுத்துக்கூட்டி நானே படித்தேன்.

அடுத்த கூட்டத்தில் விதி மாற்றினார்கள். சம்பந்தி இரும்பில் ஒரு தாய் வளையம் கடைந்து கொடுத்தார். அங்குலக் கணக்கும் எழுதியாயிற்று. ஒன்பதாம் விதியின் அடியில் ஒரு வரி சேர்ந்தது: ‘தாய் வளையம் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, சமையலறைக்கு எக்காரணத்தைக் கொண்டும் போகக் கூடாது.’ பன்னிரண்டு மொழியில் அச்சாகியிருக்கிறது. அதில் என் பேர் இல்லை, ஆனால் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அது யார் வரி என்று தெரியும்.

பழைய தாய் வளையத்தை என்ன செய்வது என்று அதே கூட்டத்தில் கேள்வி வந்தது. கோல் காத்த அம்மாள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வக்கீல் வழிமொழிந்தார். பன்னிரண்டு கையும் மேலே போயிற்று. ஓரகத்தி சாயங்காலம் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“இந்தாங்க அக்கா. உலகமே கை தூக்கிக் கொடுத்தது. இனி திருட்டுத்தனமா வைக்க வேணாம்.”

இன்றைக்கும் வெந்நீர்ப் பானை அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. துளி ஆடுவதில்லை.